குற்றாலத்துக்கு ஆனி, கும்பக்கரைக்கு மார்கழி: செட்டிநாட்டிலிருந்து அருவிக்குக் கிளம்பும் காலம்

காரைக்குடிப் பக்கத்தில் முழுஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே வீட்டில் கிளம்பும் பேச்சு, "குற்றாலம் போவோமா?" என்பதுதான். மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊருணியில் தரை தெரிகிறது, பிள்ளைகளுக்கும் லீவு. வேன் பேசி, புளியோதரை கட்டிக்கொண்டு, விடியுமுன் கிளம்பி மதுரை, ராஜபாளையம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், பேரருவிப் பாறையில் கறுப்பாக ஓர் ஈரக்கோடு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பத்து வயதில் அப்படி ஒரு பயணம் வாய்த்தது. பாறையில் கசிந்து வந்த தண்ணீரை அப்பத்தா இரண்டு கையாலும் ஏந்தி எங்கள் தலையில் விட்டார்கள். "மலையில மழை பெய்யலையே, அது என்ன செய்யும்" என்று பாறையைப் பார்த்துச் சொன்னார்கள். நாங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேனில் வந்தவர்கள். திரும்பும்போது என் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அழுதுகொண்டே வந்தான்.

அப்பத்தா சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்கு வெயில் அடிக்கிறது என்பதாலோ, பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது என்பதாலோ அருவியில் தண்ணீர் வராது. அந்த அருவிக்கு மேலே இருக்கும் மலை எந்தக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது, அந்தக் காற்று எந்த மாதம் மழை கொண்டு வருகிறது என்பதுதான் கணக்கு. இது ஒவ்வோர் அருவிக்கும் மாறும். "அருவி பார்க்க எது நல்ல சீசன்?" என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்த அருவி என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு தடுமாற்றம் இயல்பாகவே உண்டு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை சில நாள் கொட்டும். ஆனாலும் கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில்தான். ஆனியும் ஆடியும் நமக்கு வறண்ட மாதங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் அந்த மாதத்தில் தெருப் புழுதியெல்லாம் முகப்புத் திண்ணைக்கு வந்துவிடும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அரபிக்கடலிலிருந்து. கேரளத்தின் மேல் ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம் ஊருக்கு வருகிறது. நம் முகத்தில் புழுதி அடிக்கும் அதே நாளில் மலையில் மழை கொட்டுகிறது. ஆடியில் காரைக்குடியில் காற்று பலமாக இருந்தால் அது குற்றாலத்துக்கு நல்ல சேதி.

சரி, மலையின் மேற்குப் பக்கம் பெய்யும் மழை கிழக்குப் பக்கம் இருக்கும் குற்றாலத்துக்கு எப்படி வருகிறது? தேனி, திருநெல்வேலிச் சமவெளிகள் பெரும்பாலும் அந்த மழை மறைக்கப்பட்ட பகுதிகள்தானே? குற்றாலத்தின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது. ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு ரயில் போவது அந்த வாசலில்தான். அதே வழியாகத் தென்மேற்குக் காற்றும் மேகமும் இந்தப் பக்கம் நுழைகின்றன. மேகம் மலை முகடுகளில் கனமழையாகப் பெய்கிறது. கீழே ஊருக்கு வரும்போது பூந்தூறலாகச் சிதறுகிறது. அதைத்தான் சாரல் என்கிறோம். குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். கொடைக்கானல் போல உயரத்தால் குளிர்ந்த ஊர் அல்ல. மேகமும் காற்றும் வந்தால் குளிர்ச்சி, வராவிட்டால் நம் ஊர் வெயில்தான் அங்கும்.

மழை பெய்த உடனே அருவி கொட்டிவிடுமா என்பது அடுத்த கேள்வி. இதைப் புரிந்துகொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை, நம் வீட்டு வளவே போதும். நாலாபக்கமும் சரிந்த ஓட்டுக்கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம். மழை தொடங்கினால் முதலில் ஓடு நனையும். காய்ந்து கிடந்த ஓடு கொஞ்சம் குடிக்கும், தூசி கரையும். அப்புறம்தான் மூலைத் தகரக் குழாயில் தண்ணீர் விழும். முதல் தண்ணீரை விட்டுவிட்டு, தெளிந்த பிறகு அண்டாவை நகர்த்தி வைப்பார்கள். சின்ன வயதில் நாங்கள் தலை கொடுத்து நின்ற முதல் அருவி அந்த மூலைக் குழாய்தான். மழை நின்றால் கால் மணி நேரத்தில் அதுவும் நின்றுவிடும், ஓட்டுக்கு நீரைப் பிடித்து வைக்கும் குணம் கிடையாது.

ஊருணி வேறு மாதிரி. பொட்டல் நனைந்து, மண் குடித்து நிறைந்து, வரத்துக்காலில் ஓடி வந்து சேர நாள் பிடிக்கும். முதல் இரண்டு மழைக்கு ஊருணியில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மழைக்குச் சட்டென்று ஏறும்.

மலை இந்த இரண்டும் கலந்தது. வெறும் பாறைச் சரிவு ஓட்டுக்கூரை போல உடனே வழித்துவிடும். சோலைக்காடும் புல்வெளியும் உள்ள முகடு நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் கசியவிடும். கோடை முழுக்கக் காய்ந்த மலை என்றால் முதல் மழையைத் தானே குடித்துக்கொள்ளும். அதனால்தான் கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்ற செய்தியைப் பார்த்த அன்றே குற்றாலத்துக்கு வண்டி ஏறக் கூடாது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. மலை நனைந்து, ஊறி, பேரருவியில் தண்ணீர் திரண்டு விழ அதன் பிறகும் சில நாட்கள் தேவை. பிந்திய ஆண்டுகளில் இன்னும் கூடுதலாக ஆகும்.

என் கணக்கில் குற்றாலத்துக்கு மிக நல்ல காலம் ஆனி நடுவிலிருந்து ஆடி முடிய, அதாவது ஜூலை முழுவதும், ஆகஸ்ட் முதல் பாதியும். அப்போது மலை நன்றாக ஊறியிருக்கும். இடையில் ஒரு வாரம் மழை விட்டாலும் அருவி முற்றிலும் வற்றாது. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருப்பார்கள். அந்தப் பழங்கள் வரும் காலமும் அருவியின் காலமும் ஒன்றுதான்.

ஆனால் இந்தக் காலத்திலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. குற்றால அருவிகளுக்குத் தண்ணீர் தரும் மலைப்பரப்பு பெரியது அல்ல. அதனால் காலையில் கயிறு போல விழுவது மாலையில் பாறை முழுக்கப் பரவும், மறுநாள் அடங்கும். பருவமழையே ஒரு வாரம் பெய்து, ஒரு வாரம் ஓய்ந்து வருவதுதான். "சீசன் டல்" என்று தென்காசிக்காரர் சொன்னால் ஐந்தாறு நாள் பொறுக்கலாம். அவர்கள் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு: செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டாறு அணை. மொத்தமே 36 அடிதான், சின்ன அணை. தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கத்து அணைகளில் அநேகமாக முதலில் நிரம்பி வழிவது இதுதான். "குண்டாறு நிரம்பியது" என்று செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி வரும். எனக்குப் பெரிய வானிலை அறிக்கைகளைவிட அந்தச் செய்தியில் நம்பிக்கை அதிகம். அது பெய்யப்போகும் மழையைப் பற்றிய ஊகம் அல்ல, பெய்து தேங்கிய தண்ணீர்.

பேரருவியில் எப்படிக் குளிக்க முடிகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து நேராகத் தலையில் தண்ணீர் விழுந்தால் யாரும் தாங்க மாட்டார்கள். நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து நம் மேல் வருகிறது. வெள்ளம் கூடும் நாளில் அந்தப் பள்ளத்தால் வேகத்தை அடக்க முடியாது. தண்ணீர் எட்டி, பாதுகாப்பு வளைவையே தாண்டி விழும். அன்று குளிக்கத் தடை. ஆகவே "தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று நினைத்து, கனமழை எச்சரிக்கை வந்த நாளில் போகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பார்ப்பதற்கு அதைவிடப் பெரிய காட்சி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குளிப்பதற்கு, கனமழை விட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் அருமையான நாட்கள். தண்ணீர் தெளிந்திருக்கும், விசை இருக்கும், அடி வலிக்காது.

குற்றாலத்துக்கு இரண்டாவது காலமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். இந்தக் காற்று வங்கக்கடலிலிருந்து வருவதால் மலையின் கிழக்கு முகத்தில், குற்றாலம் இருக்கும் பக்கத்திலேயே, நேராக மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அருவி ஆனியைவிடப் பெருக்கெடுப்பதும் உண்டு. ஆனால் அது சாரல் அல்ல, அடைமழை. தாழ்வழுத்தம் ஒன்று பக்கத்தில் வந்தால் ஒரே இரவில் நிலைமை தலைகீழாகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் குற்றாலத்தில் நிறையும். அவர்களுக்கு அது யாத்திரையின் ஒரு பகுதி, அந்த இடம் அப்போது அவர்களுக்கு உரியது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களில் குற்றாலத்தைத் தவிர்த்து, தேனிப் பக்கம் திரும்பலாம் என்பேன்.

தேனிப் பக்கத்து அருவிகளைச் செட்டிநாட்டில் நாம் போதுமான அளவு கண்டுகொள்ளவில்லை. மதுரை வழியாகப் போனால் குற்றாலத்தைவிடக் கும்பக்கரை கிட்டத்தில் இருக்கிறது. பெரியகுளத்திலிருந்து 9 கி.மீ., கொடைக்கானல் மலையின் அடிவாரம். மேலே வட்டக்கானல் பக்கம் பெய்யும் மழை பாம்பாறாக இறங்கி, பாறைகளில் சறுக்கிச் சறுக்கி வருகிறது. பாறை குடைந்த கிடங்குகளுக்கு யானைக் கஜம், பாம்புக் கஜம், உரல் கஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வடகிழக்கு மழைதான் இதற்கு முக்கிய ஊட்டம். ஐப்பசியிலும் கார்த்திகை முற்பகுதியிலும் வெள்ளம் வந்து அடிக்கடி தடை போடுவார்கள். மார்கழி பிறந்த பிறகு மழை ஓயும், மலை மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். அரையாண்டுத் தேர்வு லீவு, அதாவது டிசம்பர் கடைசி வாரம், கும்பக்கரைக்கென்றே வைத்தது போல வருகிறது. பெரியகுளத்துக்கு மேலே உள்ள சோத்துப்பாறை அணையின் 126 அடியும் நிரம்பி மறுகால் போகிறது என்ற செய்தி வந்தால், இரண்டு வாரம் விட்டுப் போங்கள்.

அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் போனால் சுருளி. மேகமலையின் தண்ணீர் அது. தூவானம் அணையிலிருந்து திறந்துவிடும் நாளில் கூடுதலாக வரும். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யக் கூட்டம் கூடும். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. போகும் வழியில் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் சாலை ஓரம் வரை இருக்கும். அருவிக்கு வழி அடைத்த நாளில் நாங்கள் ஒரு கூடை திராட்சை வாங்கிப் பந்தல் நிழலில் உட்கார்ந்து தின்றிருக்கிறோம், பிள்ளைகள் அழவில்லை.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் தலையாறு அருவி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில், டம் டம் பாறைப் பக்கம் வண்டியை நிறுத்தினால் எதிர்மலையில் வெள்ளை நூலாகத் தெரியும். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. எலிவால் அருவி என்றும் சொல்கிறார்கள். கோடையில் அந்த நூலும் இளைத்துப்போகும். ஐப்பசிக்குப் பிறகு, மஞ்சு விலகும் முற்பகல் நேரத்தில் பார்க்க வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையும் ஐப்பசியின் கணக்கில்தான் வரும். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கினால் ஆகாய கங்கை, சுமார் 300 அடி உயரம். கார்த்திகை, மார்கழியில் நன்றாக விழும். ஆடிப் பதினெட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, அந்த ஆண்டின் கோடைமழையைப் பொறுத்துத்தான் தண்ணீர். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போக வேண்டாம். இறங்குவதைவிட ஏறுவது கடினம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மழையை மட்டும் நம்பும் அருவிகள். அணை வைத்த ஆற்றில் விழும் அருவிக்குக் கணக்கு வேறு. ஒகேனக்கல்லில் விழுவது காவிரி. நம் ஊரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்ததா, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பினவா என்பதுதான் அங்கே கேள்வி. அவை நிரம்பி உபரிநீர் திறக்கும் ஆடி மாதத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. அப்போது ஐந்தருவி இருந்த இடமே தெரியாது, பாறைகள் மூழ்கி ஒரே வெள்ளக்காடாக இருக்கும். பரிசலும் ஓடாது, குளிக்கவும் விட மாட்டார்கள். பரிசலில் பாறைகளுக்கு நடுவே போக ஆசை இருந்தால், வெள்ளம் வடிந்து நீர்வரத்து சில ஆயிரம் கன அடிக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் அளப்பதை, செய்தித்தாளில் பிலிகுண்டுலு நீர்வரத்து என்று தினமும் போடுவார்கள், அதைப் பார்த்தாலே போதும். அதிரப்பள்ளியும் அணை உள்ள ஆறுதான், சாலக்குடி ஆறு. அது மலையின் மேற்கு முகத்தில் இருப்பதால் ஜூலையில் ஆர்ப்பரிக்கும், ஆனால் அப்போது கேரளம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டே நடக்க வேண்டும். நம் காலாண்டு லீவு வரும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஒரு பருவமழை ஓய்ந்து மற்றது தொடங்கியிருக்காது. அதிரப்பள்ளிக்கு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளலாம்.

"எங்களுக்கு மே மாதம்தான் ஆகும், வேறு வழியே இல்லை" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு பாபநாசத்தில் அகத்தியர் அருவியைச் சொல்வேன். அகத்தியமலை இரண்டு பருவமழையையும் வாங்கும் மலை. தாமிரபரணி வற்றாத ஆறு என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அதனால்தான். அருவி ஆண்டு முழுவதும் விழுகிறது, கோடையில் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பும் கோதையாற்றுத் தண்ணீரால் கோடையில் ஓரளவு கைகொடுக்கும்.

மே மாதத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோடைமழை திடீரென்று வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோதே காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. சீசன் தொடங்காத மாதத்தில் நடந்தது அது. மேலே மலையில் கொட்டும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிந்து விழுந்த தண்ணீர் சட்டென்று கலங்கலாக மாறினாலும், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் அந்த நொடியே வெளியேற வேண்டும். துண்டையும் சோப்புப் பெட்டியையும் எடுக்கத் திரும்பக் கூடாது. வந்த படியிலேயே இறங்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். என் பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீசனில் சனி, ஞாயிறு குற்றாலத்தில் வரிசையில் நின்று, அரை நிமிடம் தலை நனைத்து, காவலர் விசில் ஊதியதும் நகர வேண்டியிருக்கும். அதே வாரத்தில் புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் குற்றாலத்து ஐந்தருவியில் நிதானமாக நிற்கலாம். ஜூலையில் பள்ளிக்கூடம் நடக்கிறதே என்பீர்கள். ஒரு நாள் லீவு போடலாம் என்பது என் கருத்து, இதைப் பிள்ளைகளின் வாத்தியாரிடமே சொல்லித்தான் கேட்கிறேன். காரைக்குடி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் உண்டு. இரவில் ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். வேன் பேசும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

அப்பத்தாவை அப்புறம் ஒரு தடவை சரியான காலத்தில் அழைத்துப் போனோம். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, குண்டாறு நிரம்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நாங்கள் கூப்பிடக் கூப்பிட வெளியே வராமல் நின்றார்கள். அன்று இரவு வீடு திரும்பியபோது காரைக்குடியில் ஆடிக்காற்று வளவுக் கதவைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஈரச்சேலையை முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு, "இந்தக் காத்துத்தான் அங்கே தண்ணியா விழுந்துச்சா?" என்று கேட்டார்கள்.